உண்மையான கருப்பட்டிக்கு வெல யாரு குடுப்பா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் டவுன்ல ஒரு கடைல ஒரிஜினல் பனங்கருப்பட்டின்னு சொல்லி குடுத்தாங்க, வீட்டுக்கு வந்து உடைச்சுப் பாத்தா உள்ள பளபளன்னு மின்னுது, வாய்ல போட்டா வெறும் சீனி. கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி பக்கம் பொறந்து வளந்த என்னையே ஏமாத்துறாங்கன்னா வெளியூர்க்காரங்க என்ன செய்வாங்க.

எங்க தாத்தா பனையேறி. விடியுமுன்னே ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ மரம் ஏறுவாரு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவலன்னா பதனி புளிச்சுக் கள்ளாயிடும், கூடிட்டா ருசி கெட்டுரும், அந்த அளவு கை பழக்கத்துலதான் வரும். இறக்குன பதனிய ஆச்சி விடிலில, அதான் பதனி காய்ச்சுற குடிசைல வச்சு மணிக்கணக்கா காய்ச்சுவா, பொங்கி வந்தா ஆமணக்கு விதைய நசுக்கிப் போடுவா உடனே அடங்கிரும், அப்புறம் ஒரு சொட்ட தண்ணில விட்டு வெரல்ல உருட்டிப் பாத்து பதம் சரின்னாதான் சிரட்டைல ஊத்துவா. ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 லிட்டர் பதனிக்கு மேல ஆகும், வெறகு வேற. இவ்வளவு பாடுபட்டு சந்தைக்குக் கொண்டு போனா சீனி கலந்தவன் சொல்ற வெலைக்குதான் இவங்களும் விக்கணும், பெறகு எந்தப் பையன் மரம் ஏற வருவான்? எங்க குடும்பத்துல தாத்தாவோட நின்னு போச்சு. கருப்பட்டி போட்டு வைக்க ஆச்சி குருத்தோலைல முடையுற பெட்டியும் அதோட போச்சு, இப்ப எல்லாம் பிளாஸ்டிக் கவர்தான்.

பனை நம்ம மாநில மரம், வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு ஆக்கிட்டாங்க, 2021 வேளாண் பட்ஜெட்ல 76 லட்சம் பனை விதை குடுக்குறதாவும் சொன்னாங்க. எல்லாம் நல்ல விஷயம்தான், மனசார வரவேற்கிறேன். ஆனா இன்னைக்கு நட்ட விதை பாளை விட பத்து பதினஞ்சு வருஷமாவது ஆகும், அப்ப ஏறுறதுக்கு ஆள் வேணும்ல?

அதே பட்ஜெட்ல ரேஷன் கடைல பனைவெல்லம் விக்கப் போறதாவும் சொன்னாங்க. அதுக்கான சரக்க எடை போட்டு கையோட காசு குடுத்து காய்ச்சுற குடும்பங்ககிட்டயே நேரா வாங்குனா போதும், நடுவுல எவனும் சீனி கலக்க முடியாது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிங்களும் சீசன்லயே கடைக்கடையா சாம்பிள் எடுத்து, கலப்படம்னு தெரிஞ்சா அந்தக் கடை பேர வெளிய சொல்லணும்.

வர்ற பங்குனி சித்திரைல உங்க நிருபர் ஒருத்தர எங்க பக்கம் அனுப்புங்க ஐயா. இன்னும் விடிலில அடுப்பு எரியுற வீடுகள நானே கூட வந்து காட்டுறேன்.

இப்படிக்கு,
பனையேறி பேத்தி ஒருத்தி,
உடன்குடி வட்டாரம்