அணில் கொண்டுபோன பல்

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்து மூன்று கிழமை. பிந்தியதற்குக் காரணம் பேரன்தான். கல்லடிக் கடற்கரைப் பக்கம் சைக்கிளோடு விழுந்து மேல் முன்பல்லை உடைத்துக்கொண்டதை எழுதியிருந்தேனே, அது சாம்பல் நிறமாகி முரசும் வீங்கிவிட்டது. உள்ளே பற்கூழ், அதுதான் நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மெல்லிய சதை, செத்துப்போச்சாம்.

எங்கள் வயதென்றால் வேரைக் குடைந்து நிரப்பிவிடுவார்கள். பல் முளைத்த பிறகும் வேர் முற்ற மூன்று வருசமளவில் பிடிக்கும். இவனுக்கு எட்டு வயதுதான், வேர்நுனி திறந்தே கிடக்கிறது, சுவரும் மெல்லிசு. நிரப்பினாலும் பிறகு முறியக்கூடும் என்றார் டொக்டர். அதனால் உள்ளே கழுவி, கல்சியம் ஹைட்ரொக்சைட் என்ற கிருமிகொல்லி மருந்தை வைத்து, சில கிழமை விட்டார். மறுமுறை இ.டி.டி.ஏ. கரைசலால் கழுவிவிட்டு, ஊசி மாதிரி ஒன்றால் வேர்நுனிக்கு அப்பால் குத்தி, வேண்டுமென்றே இரத்தம் வரவைத்தார். எனக்குக் கை நடுங்கியது. பொடியன் சும்மா இருந்தான்.

அந்த இரத்தத்தோடு வேர்நுனியில் இருக்கும் ஸ்டெம் செல்களும், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்களும், உள்ளே வருமாம். டி.ஜி.எஃப். பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகள் பல் உருவாகும்போதே டென்டீன் என்ற பல்லின் கடினமான உட்சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. கரைசல் அங்குள்ள கல்சியத்தை இழுக்க, அவை வெளியே வந்து ஸ்டெம் செல்களைக் கூப்பிட்டு வேலை வாங்குமாம். சரிவந்தால் வேர் நீளும், சுவர் தடிக்கும். ஆனால் உள்ளே வளர்வது அநேகமாக அசல் பற்கூழ் இல்லை, எலும்பு மாதிரியான இழையம்தான் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். அதனால்தான் அவரை நம்பினேன்.

இன்னொன்று கேள். சொங்டாவோ ஷி என்ற ஆராய்ச்சியாளர், தன் மகளின் விழுந்த பாற்பல்லுக்குள் சிவந்த சதையைக் கண்டு தேடப்போய், 2003இல் பாற்பல்லில் ஸ்டெம் செல் இருப்பதைச் சொன்னார். சீனாவில், அடிபட்டுப் பற்கூழ் செத்த பிள்ளைகளுக்கு அவரவர் பாற்பல்லில் எடுத்து வளர்த்த செல்களையே வைத்துப் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருசம் கழித்து 26 பேரைப் பரிசோதித்தபோது பல்லுக்குள் இரத்த ஓட்டமும் உணர்வும் திரும்பியிருந்தன.

நாங்கள் என்ன செய்தோம்? அணிலிடம் புதுப்பல் கேட்டுக் கூரையில் எறிந்தோம்! பேரனின் பாற்பல் ஒன்று போன மாதம்தான் அங்கே போனது. ஏணி வைத்துத் தேடட்டுமா என்கிறாள் மருமகள். காய்ந்த பல்லில் செல் உயிரோடு இராது என்று சொல்லியும் கேட்கிறாளில்லை.

மூன்று மாதத்தில் அடுத்த எக்ஸ்ரே. உன் முழங்கால் எப்படி? இவன் தினமும் ஐஸ்பழத்தை அந்தப் பல்லில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கூசல்ல அப்பப்பா" என்று வந்து சொல்கிறான்.

அன்புடன்,
உன் மச்சான்