ஆர்கனிலிருந்து எழுந்து வந்தவர்

தரங்கம்பாடி

அன்புள்ள ஞானராஜ்,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துப் பாட முடிகிறது என்று நீ எழுதியிருந்ததைப் படித்து மனம் நிறைந்தது. எனக்கு முழங்கால் வலி இன்னும் விட்டபாடில்லை. ஆராதனை முழுவதும் கால் ஆர்மோனியத்தை மிதித்து வாசித்தால் அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது. அதனால் வீட்டில் உட்கார்ந்து கேட்பதே இப்போது அதிகம். இரண்டு மாதமாக நான் கேட்டு வருவது பெரும்பாலும் ஒரே ஒருவரைத்தான்: ஆர்கன் என்னும் பெரிய குழாய் வாத்தியத்தை வாசித்தவரும் பாடகர் குழுவை நடத்தியவருமான ஜெர்மனியின் கார்ல் ரிக்டர்.

அவர் 1926-இல் சாக்சனியில் உள்ள பிளாவன் என்ற ஊரில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். டிரெஸ்டனில் குரோய்ட்ஸ் ஆலயத்துச் சிறுவர் பாடகர் குழுவில் வளர்ந்து, லைப்சிக்கில் கார்ல் ஸ்ட்ரௌபே, குந்தர் ராமின் ஆகிய ஆர்கன் ஆசான்களிடம் பயின்று, 1949-இல் அங்குள்ள தோமா ஆலயத்தின் ஆர்கனில் அமர்ந்தார். இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் தம் வாழ்வின் கடைசி இருபத்தேழு ஆண்டுகளைச் செலவிட்ட ஆலயம் அது. 1951-இல் மியூனிக் நகருக்குச் சென்று, மாற்கு ஆலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டும் இசைக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டும் ஒரு சிறிய பாடகர் குழுவைக் கையிலெடுத்தார். அதுவே பின்னர் மியூனிக் பாக் பாடகர் குழு ஆயிற்று. அதில் பாடியவர்களில் பெரும்பாலோர் பாட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர், உன்னையும் என்னையும் போல வேறு வேலை பார்த்துவிட்டு ஒத்திகைக்கு வந்தவர்கள். 1956-இல் ராமின் மறைந்தபோது தோமா ஆலய இசைத் தலைமை ரிக்டரைத் தேடி வந்தது. பாக் வகித்த அந்தப் பதவியை அவர் ஏற்கவில்லை; மியூனிக்கிலேயே, தாம் பழக்கிய அந்தக் குரல்களுடனேயே இருந்துவிட்டார். இந்த ஒன்றை நான் நினைக்காத நாளில்லை.

மத்தேயு சுவிசேஷத்தில் உள்ள இயேசுவின் பாடுகளுக்குப் பாக் அமைத்த இசையை 1958-இல் அவர் பதிவுசெய்தார்; அதை நீ அவசியம் கேட்க வேண்டும். தொடக்கக் கோரஸில் பேஸ் என்னும் அடிச்சுர வாத்தியங்கள் முதல் ஐந்து பார்களுக்கும் (தாள அளவுகளுக்கும்) தாழ்ந்த ஈ சுரம் ஒன்றையே விடாமல் தட்டிக்கொண்டிருக்க, மற்றக் குரல்கள் அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. பிறகுதான் பேஸ் தானும் படிப்படியாக மேலே நடக்கத் தொடங்குகிறது. பலர் நடத்தும்போது அந்த ஈ வெறும் துணைச் சத்தமாகப் பின்னால் போய்விடும். ரிக்டரிடம் அது ஆர்கனின் மிதிகட்டையில் ஊன்றிய கால் போல நிற்கிறது. மேடையில் நின்றாலும், ஹார்ப்சிகார்டு என்னும் பழைய கட்டை வாத்தியத்தில் அமர்ந்து நடத்தினாலும், அவர் இசையைக் கீழிருந்துதான் கட்டினார். கால்களால் பேஸ் வாசித்துப் பழகிய ஒருவருக்கே அது இயல்பாக வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே படைப்பில், பெரிய வெள்ளிதோறும் நாம் பாடுகிற ‘இரத்தம் காயம் குத்தும்’ பாட்டின் மெட்டு ஐந்து இடங்களில் வருகிறது. ஜெர்மானிய லுத்தரன் சபையின் பாட்டு நம் தமிழுக்கு வந்ததுதானே அது! மெட்டை மாற்றாமல், அதன் கீழே இழையும் குரல்களைப் பாக் பெரும்பாலும் மாற்றிவிடுகிறார். இயேசு உயிர்விட்ட பின் வருகிற கடைசி முறையில் மெட்டுக்குக் கீழே பாடும் ஆல்டோவும் டெனரும் பேஸும் எங்கே போய் நிற்கின்றன என்று நிதானமாகக் கேள். அறுபது ஆண்டுகளாகப் பாடிய பாட்டு, எனக்கு அன்றுதான் முதன்முதலாகக் காதில் விழுந்ததுபோல் இருந்தது.

இந்த வாசிப்பு கனமானது, பாக் காலத்து முறைக்கு ஒவ்வாதது என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். 1971-இல் ஹார்னொன்கோர்ட், லியோன்ஹார்ட் என்ற இரு இசை நடத்துநர்களும் பழைய வாத்தியங்களையும் சிறுவர் குரல்களையும் கொண்டு பாக்கின் கான்டாட்டாக்கள் என்னும் ஆராதனைப் பாடல் தொகுதிகளைப் பதிவுசெய்யத் தொடங்கியபின் காலம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அவர்களையும் நான் மதித்துக் கேட்கிறேன். ரிக்டர் 1979-இல் மறுபடி பதிவுசெய்த மத்தேயு பாடுகள் முந்தையதைவிட மெதுவாகச் செல்வதையும் மறுக்கவில்லை. ஆனால் ரிக்டரிடம் உள்ள நம்பிக்கையின் வெப்பத்தை நான் வேறெங்கும் கேட்கவில்லை. 1968-இல் இவர் தம் குழுவை மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்கும் அழைத்துச் சென்று யோவான் பாடுகளைப் பாட வைத்தார். கடவுளை மறுத்த சோவியத் ஆட்சியில் அந்த அரங்குகளில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

1971-இல் மாரடைப்பு வந்த பிறகும் அவர் ஓயவில்லை, ஆர்கனையும் விடவில்லை. ஆர்கன் கட்டும் கலைஞர் சில்பர்மான் 1714-இல் கட்டி முடித்த ஃபிரைபெர்க் பேராலய ஆர்கனில் அவர் வாசித்த பதிவுகளை உன் பேரனிடம் சொல்லி எடுத்துக் கேள். 1981 பிப்ரவரி 15 அன்று மியூனிக்கில் மறுபடி மாரடைப்பு வந்து, ஐம்பத்து நான்காவது வயதில் காலமானார்.

பெரிய வெள்ளிக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. பேஸ் வரிசையில் இந்த ஆண்டு இரண்டே பேர்தான், இருவரும் இளைஞர்கள். தாழ்ந்த சுரத்தில் குரல் நழுவிவிடுகிறது. நீ நடுவில் நின்றால் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். வலி இருந்தாலும் அன்று ஆர்மோனியத்தை நானே மிதிக்கப்போகிறேன்.

என்றும் அன்புடன்,
சாமுவேல்