ஒயிட்னர் பட்ட முடிவுத்தாள்

அன்புள்ள நண்பர் சுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மருமகனுக்கு மலாவியின் தலைநகர் லிலாங்வேயில் வேலை கிடைத்திருப்பதாகவும், அந்நாட்டில் தேர்தலெல்லாம் ஒழுங்காக நடக்குமா என்றும் கேட்டு எழுதியிருந்தீர்கள். அந்நாட்டின் பிளான்டயர் நகரில் நான் கணக்கெழுதிக் கொண்டிருந்தபோதுதான் 1993 ஜூன் 14 பொது வாக்கெடுப்பு வந்தது; அதிலிருந்தே சொல்கிறேன்.

அதுவரை வாழ்நாள் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் கட்சியைத் தவிர வேறு கட்சிக்கு அங்கே இடமில்லை. கட்சி அட்டை இல்லாதவர் சந்தைக்குள் நுழைவதும் பேருந்தில் ஏறுவதுமே பெரும்பாடு. 1992 மார்ச்சில் கத்தோலிக்க ஆயர்கள் எழுதி, கோயில்தோறும் வாசிக்கப்பட்ட சுற்றுமடல்தான் அந்த மௌனத்தை உடைத்தது; மே மாதம் மேலைநாடுகளும் உதவிப்பணத்தை நிறுத்திவைக்க, பண்டா வாக்கெடுப்புக்கு இணங்கினார். பல கட்சி வேண்டுவோருக்கு அரிக்கேன் விளக்குச் சின்னம், ஒரு கட்சியே போதும் என்போருக்குக் கருஞ்சேவல் சின்னம். ஏறத்தாழ 63 விழுக்காட்டினர் விளக்குக்கு வாக்களித்தனர். மறு ஆண்டுத் தேர்தலில் பண்டா தோற்று பக்கிலி முலுசி அதிபரானார்.

வெளிநாட்டார் கொடுத்த நெருக்கடிதான் எல்லாவற்றையும் சாதித்தது என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. 2019 மே தேர்தலைப் பாருங்கள். அப்போது அதிபராயிருந்த பீட்டர் முத்தரிக்கா 38.57 விழுக்காடும் எதிர்க்கட்சித் தலைவர் லாசரஸ் சக்வேரா 35.41 விழுக்காடும் பெற்றதாக அறிவித்தார்கள். பார்வையிட வந்த வெளிநாட்டுக் குழுக்களும் பெரிய குறை சொல்லாமல் விமானம் ஏறின. பிறகுதான் தெரிந்தது, பல முடிவுத்தாள்களில் எண்களை ஒயிட்னர் பூசி மறைத்து, அதன்மேல் வேறு எண்களை எழுதியிருந்தார்கள் என்பது. நம் பழைய ஆபீசில் வவுச்சரில் ஒரு துளி ஒயிட்னர் பட்டாலும் ஆடிட்டர் திருப்பி அனுப்பிவிடுவாரே, நினைவிருக்கிறதா? தவறான தொகையைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட்டால்தான் செல்லும். அடித்த எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

மாதக்கணக்கில் மக்கள் தெருவில் இறங்கிப் போராட, குண்டு துளைக்காத கவசம் அணிந்து, ராணுவக் காவலோடு நீதிமன்றம் வந்த 5 நீதிபதிகள் 2020 பிப்ரவரி 3 அன்று அத்தேர்தலையே செல்லாதென்றனர். வெல்பவர் பாதிக்கு மேல் வாக்குப் பெற்றாக வேண்டும் என்றும் தீர்த்தனர். கொரோனாவால் வெளிநாட்டுப் பார்வையாளர் பெரும்பாலும் வராமலே ஜூன் 23இல் நடந்த மறுதேர்தலில் சக்வேரா 58 விழுக்காட்டுக்கு மேல் பெற்று வென்றார்.

அந்நாட்டுக்கு உதவ விரும்புவோர் தொப்பியும் அடையாள அட்டையுமாக நான்கு நாள் சுற்றிவரும் குழுக்களுக்குச் செலவிடுவதைவிட, ஒவ்வொரு சாவடியிலும் கடைசி வாக்கு எண்ணும்வரை உட்கார்ந்திருக்கும் உள்ளூர் முகவருக்குப் பயிற்சியும், அவர் கையில் முடிவுத்தாளின் ஒரு நகலும் கிடைக்க வழிசெய்தால் போதும் என்பேன்.

2025 செப்டம்பரில் அதே முத்தரிக்கா 85 வயதில் மீண்டும் வென்றார். பதவியிலிருந்த சக்வேரா, முடிவு அறிவிக்கப்படும் முன்பே தோல்வியை ஏற்றுக்கொண்டார். ஆதலால் மகளைத் தைரியமாக அனுப்பிவையுங்கள். ஜூன், ஜூலையில் அங்கே நல்ல குளிர். ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
ராமநாதன்