‘கலந்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று எந்த ஆய்வு சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடப்பெயர்வும் மனநலமும் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், ‘வந்த ஊரின் மொழியையும் பழக்கத்தையும் ஏற்றுக் கலந்துவிட்டால் மன உளைச்சல் தானாகக் குறையும்’ என்று ஒரு வரி இருந்தது. குடியேறியவர்கள் புதுப் பண்பாட்டை எதிர்கொள்ளும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் பெர்ரியின் பெயரை எழுதிய கையோடு இதையும் எழுதியிருப்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

பெர்ரி கேட்பவை இரண்டு கேள்விகள். வந்தவர் தம் பண்பாட்டைக் காத்துக்கொள்ள விரும்புகிறாரா? வந்த இடத்து மக்களோடு பழக விரும்புகிறாரா? இவற்றுக்கான விடைகளிலிருந்து நான்கு வழிகள் பிறக்கின்றன. தன்னுடையதை விட்டுவிட்டுக் கரைந்துபோவது அவற்றுள் ஒன்று மட்டுமே. பொதுவாக மனத்துக்கு அதிகம் உதவுவது இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதுதான் என்கிறார். உள்ளூர்ச் சமூகம் கதவைத் திறந்தால்தான் அது நடக்கும் என்பதும் அவர் சொன்னதே. கட்டுரையில் அந்தப் பாதி விடுபட்டு, முழுப் பொறுப்பும் வந்தவர் தலையில் விழுந்திருக்கிறது.

கலந்தால் தீரும் என்றால், வந்த நாட்டிலேயே பிறந்து, அங்கேயே படித்த பிள்ளைகளுக்குத் தொல்லை குறைந்திருக்க வேண்டும். கேன்டர்-கிரே, செல்ட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து 2005இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், உள்ளூர் மக்களோடு ஒப்பிட்டால் மனச்சிதைவு நோய்க்கான வாய்ப்பு குடியேறிய முதல் தலைமுறைக்கு 2.7 மடங்கு, இரண்டாம் தலைமுறைக்கு 4.5 மடங்கு. மொழி நன்றாக வந்த பிறகும் வெளியாளாகவே நடத்தப்படுவதுதான் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். தம் இனத்தார் அடர்த்தியாக வாழும் பகுதிகளில் இந்த ஆபத்து குறைவாக இருப்பதைப் பிற ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஏற்காடு காப்பித் தோட்டத்து லைன் வீடுகளில் ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஒன்றாக இருப்பதைத் ‘ஒதுங்கி வாழ்கிறார்கள்’ என்று கட்டுரை குறை சொல்கிறது. அவர்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அதுதான், ஐயா.

‘பெரிய பாதிப்பு எதுவும் தென்படவில்லை’ என்ற வரியும் அப்படித்தான். கள ஆய்வாளர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தென்படாதபடி கேட்பது மிக எளிது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 வினாப்பட்டியலில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10ஐத் தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அதை மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எல்லாமே பூஜ்யம்தான். ஜார்க்கண்டின் கும்லா, சிம்டேகா பக்கத்து ஓராவோன், காரியா பழங்குடி மக்களிடம் அவர்கள் பேசும் சாதரி, குடுக் போன்ற மொழிகளில் கேட்காமல் இந்தியில் கேட்டால் ஆமாம், இல்லை என்பதோடு முடிந்துவிடும். பழம் பறிக்கும் பருவத்தில் களைப்பு, தூக்கம் பற்றிய மதிப்பெண் வேலையாலேயே ஏறும். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘ஆம்’ என்பவரை அன்றே யாரிடம் அனுப்புவது என்று முடிவு செய்யாமல் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், மனம் உடைந்தவர்கள் அந்தத் தோட்டத்தில் இருக்கமாட்டார்கள். சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறி ஊருக்குப் போயிருப்பார்கள். எஞ்சியவர்களை மட்டும் எண்ணி எல்லோரும் நலம் என்பது கணக்காகாது.

தங்கள் இதழ்மீது வேறு மனக்குறைகளும் உண்டு. தோட்டத்திலோ செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலோ ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால், எப்படிச் செய்தார் என்று விரிவாக எழுதுகிறீர்கள். செய்த முறையை விவரிக்கக் கூடாது என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019இல் வழிகாட்டியது தாங்கள் அறியாததல்ல. இறந்தவர் ‘வடமாநில வாலிபர்’ ஆகிவிடுகிறார். அவர் ஒடியரா, அசாமியரா என்பதுகூட இருப்பதில்லை. திருட்டு என்றால் மட்டும் மாவட்டம் வரை வந்துவிடுகிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய பொய்க் காணொளிகளால் பயந்து எத்தனையோ பேர் ஊர் திரும்பினார்கள். அந்தப் பயம் மனத்தில் என்ன செய்தது என்று பிறகு ஒரு கட்டுரையாவது வந்ததா? சேர்வராயன், கல்வராயன் மலைகளிலிருந்து குடகுக்கும் கேரளத்துக்கும் மிளகு, காப்பி வேலைக்குப் போகிற நம் மலைவாழ் மக்களுக்கும் இதே தனிமைதான். அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பெர்ரி பற்றிய அந்த வரிக்கு அடுத்த ஞாயிறன்று ஒரு திருத்தம் போடுங்கள். அதன் அடியிலும், இனி இத்தகைய செய்திகள் ஒவ்வொன்றின் அடியிலும், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416ஐத் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிடுங்கள். கட்டணமில்லாத சேவை, பல இந்திய மொழிகளில் பேசலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.