தோஹா இல்லை, டல்லாஸ்தான்

திருச்சி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. விசா வந்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சி லட்சுமி இப்போதே லேகியத்துக்குச் சாமான் சேர்க்க ஆரம்பித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். நல்லது, லேகியத்தைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன். இங்கே அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். மற்றபடி சேதி ஒன்றும் இல்லை.

உன் மகள் அனுப்பிய டிக்கெட்டை நன்றாகப் பார்த்தேன். சென்னை, தோஹா, அமெரிக்காவில் டல்லாஸ், அங்கிருந்து மகள் இருக்கும் ராலே. "தோஹாவில் மாறி ஏறத் தெரியாமல் முழிக்கப்போகிறோம்" என்பது உன் கவலை. உண்மையில் தோஹா சுலபம். நீ யோசிக்க வேண்டியது டல்லாஸைப் பற்றி. தோஹாவில் மூன்று மணி நேரமும் டல்லாஸில் ஒரு மணி ஐம்பது நிமிடமும் போட்டிருக்கிறது. திருப்பிப் போட்டிருந்தால் கவலையே இல்லை.

முதலில் தேதி. டிக்கெட்டில் 19-ஆம் தேதி 03.40 என்று இருக்கிறது. அது 18-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற அதிகாலை. 19-ஆம் தேதி ராத்திரி மீனம்பாக்கத்தில் போய் நின்று, ஃப்ளைட் நேற்றே போய்விட்டது என்று கேட்டுத் திரும்பியவர்கள் நிறையப் பேர். 18-ஆம் தேதி இரவு பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் இரண்டாவது டெர்மினல் வாசலில் இருங்கள். செக்-இன் கவுண்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். டிக்கெட்டில் உள்ள எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். தோஹா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். கைக்கடிகாரத்தை நம்பாமல் அங்கே தொங்கும் திரையை நம்பு.

அடுத்தது பெயர். உன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், நம் தலைமுறையில் பலருக்கும் அப்படித்தான். அமெரிக்க விசாவில் இதைத் திருப்பி, உன் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு' என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. தப்பு இல்லை, பதறாதே. ஆனால் டிக்கெட்டில் உன் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று மகளை விமானக் கம்பெனியிடம் கேட்கச் சொல். ஒற்றைப் பெயரை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகப் போடும். மூன்று ஃப்ளைட்டுக்கும் ஒரே எழுத்தில், பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகும்படி இருக்க வேண்டும். கடைசி நாளில் கவுண்டரில் திருத்துவது பெரிய தலைவலி.

சென்னைக் கவுண்டரில் மூன்று போர்டிங் பாஸும் கேட்டு வாங்கு. மூன்றாவது வரவில்லை என்றால் டல்லாஸில் வாங்கிக்கொள்ளலாம், அதற்காகச் சண்டை வேண்டாம். அமெரிக்காவில் தங்கப்போகும் முகவரியைக் கேட்பார்கள். மகளுடைய முகவரி, போன் எண், மூன்று ஃப்ளைட் எண்கள், ஆறு எழுத்து பிஎன்ஆர், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இரண்டு பேர் பையிலும் வை. போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீரும்போது அதுவும் போய்விடும்.

பெட்டியில் ஒட்டும் சீட்டில்தான் குழப்பம் ஆரம்பிக்கும். அதில் ராலேயின் மூன்றெழுத்து, ஆர்.டி.யு, இருக்கிறதா என்று பார். கவுண்டரில் இருப்பவர் "பெட்டி நேராக ராலேக்குப் போய்விடும்" என்றுகூடச் சொல்வார். அதை நம்பி டல்லாஸில் பெட்டியை எடுக்காமல் போய்விடாதே. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிகிரேஷன், கஸ்டம்ஸ் இரண்டும் முடிய வேண்டும். சீட்டில் எந்த ஊர் இருந்தாலும் பெட்டியை நீதான் பெல்ட்டிலிருந்து எடுத்து, கஸ்டம்ஸைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். தோஹாவில் அப்படி இல்லை, அங்கே பெட்டி தானாக மாறும். இந்த வித்தியாசம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. சீட்டின் கிழித்த துண்டைப் பாஸ்போர்ட்டிலேயே ஒட்டித் தருவார்கள், அதைத் தொலைக்காதே.

தோஹாவில் இறங்கியதும் 'டிரான்ஸ்ஃபர்' என்ற பலகையைப் பிடித்து நட. 'அரைவல்ஸ்' பக்கம் போனால் ஊருக்குள் போகும் வழி. ஒரு செக்யூரிட்டி சோதனை வரும். சென்னையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை அதற்கு முன்பே குடித்துத் தீர்த்துவிடு. அதைத் தாண்டி வந்தால் பெரிய கூடம், நடுவில் தலையில் விளக்கோடு ஒரு மஞ்சள் கரடிப் பொம்மை உட்கார்ந்திருக்கும். இரண்டு பேரும் பிரிந்தால் அங்கே வந்து சேருங்கள், அதைத் தவறவிட முடியாது. கேட் எண்ணைத் திரையில் ஃப்ளைட் எண்ணை வைத்துத் தேடு. போர்டிங் பாஸில் அச்சான கேட் மாறியிருக்கலாம். அமெரிக்கா போகும் விமானத்துக்குக் கேட்டிலேயே விசா பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், பையைத் திறந்தும் பார்க்கலாம். ஆகவே புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அங்கே போய் உட்கார். போர்டிங் பாஸில் நான்கு முறை 'எஸ்' என்று அச்சிட்டிருந்தால் கூடுதல் சோதனை என்று பொருள், வேறொன்றும் இல்லை. தோஹாவைப் பற்றி இவ்வளவுதான்.

சென்னையிலேயே தாமதமாகி தோஹாவில் நேரம் குறைந்துவிட்டால், விமான வாசலிலேயே ஊர்ப் பெயர் எழுதிய அட்டையோடு ஆள் நிற்கக்கூடும். இல்லாவிட்டால் நேராக டிரான்ஸ்ஃபர் கவுண்டருக்குப் போ. ஒரே டிக்கெட் என்பதால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு, ராத்திரி தங்க வேண்டி வந்தாலும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இனி டல்லாஸ். பதினாறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்குவீர்கள், அதனால் கால் வீங்காமல் இருக்க இடையிடையே எழுந்து நடங்கள். இறங்கி இமிகிரேஷன் கூடத்துக்கு நடந்துபோக இருபது நிமிடம். அங்கே குடிமக்களுக்கு ஒரு வரிசை, விசாவில் வருகிறவர்களுக்கு ஒரு வரிசை. போனில் ஆப் போட்டுச் சீக்கிரம் போகும் வசதி நம் போன்ற விசாக்காரர்களுக்குக் கிடையாது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பெரிய விமானங்கள் இறங்கிவிட்டால் முக்கால் மணி முதல் ஒன்றரை மணி வரை வரிசையிலேயே போகும். அடுத்த ஃப்ளைட் இருக்கிறது என்று சொன்னாலும் முன்னால் விட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அதிகாரி விரல் ரேகை, போட்டோ எடுப்பார். எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு. திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்திரு. ஆங்கிலம் தடுக்கினால் "தமிழ்" என்று சொல், மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்வார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பது ஐ-94 என்ற பதிவில் இருக்கும், விசாவில் உள்ள கடைசித் தேதி அதற்குக் கணக்கில்லை. ராலே போனதும் மகளை இணையத்தில் அதை எடுத்துப் பார்க்கச் சொல்.

பிறகு பெல்ட்டில் பெட்டி. நான்கு பெட்டியும் வந்ததா என்று எண்ணிக்கொள். கஸ்டம்ஸில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கிறது" என்று சொல். பொடி, முறுக்கு, ஊறுகாய் இருப்பதைச் சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், மறைத்தால்தான் அபராதம். கறிவேப்பிலை, பழம், காய், கறி வகை கூடவே கூடாது. அரிசியும் எடுத்துப்போகாதே. இந்தியாவிலிருந்து போகும் அரிசியில் கப்ரா வண்டு வரும் என்று தடுத்திருக்கிறார்கள். லேகியத்தை இறுக மூடும் டப்பாவில் போட்டு, என்ன சாமான் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி, பெரிய பெட்டியில் வை. கைப்பையில் வைத்தால் சென்னையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கோயில் பிரசாதத்தில் கொப்பரை இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடு, அது எளிதில் தீப்பற்றும் பொருள் என்று எந்தப் பெட்டியிலும் விடுவதில்லை.

கஸ்டம்ஸ் வாசலைத் தாண்டிய உடனேயே பெட்டியைத் திரும்பக் கொடுக்கும் இடம் இருக்கும். டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரவேற்புக் கூடத்துக்குப் போய்விடாதே. அங்கே கொடுத்தபின் மறுபடி செக்யூரிட்டி. தோஹா டியூட்டி ஃப்ரீயில் செண்ட் பாட்டிலோ பெரிய திரவ பாட்டிலோ வாங்கியிருந்தால், பெட்டியைத் திரும்பக் கொடுப்பதற்கு முன் அதற்குள் வைத்துவிடு. 100 மில்லிக்கு மேல் என்றால் செக்யூரிட்டியில் பிடிக்க வாய்ப்பு உண்டு. பவர் பேங்க் மட்டும் நேர் எதிர், அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். 27,000 எம்ஏஎச்சுக்குள் இருந்தால் கேள்வி இல்லை.

சர்வதேச விமானங்கள் வருவது டி டெர்மினல். ராலே ஃப்ளைட் ஏ முதல் இ வரை எதிலிருந்து வேண்டுமானாலும் கிளம்பலாம். செக்யூரிட்டி தாண்டியபின் ஸ்கைலிங்க் என்ற ரயில் ஐந்து டெர்மினல்களையும் சுற்றுகிறது, சில நிமிடத்துக்கு ஒன்று வரும், காசு கிடையாது. உள்நாட்டு விமானத்தின் கதவைப் புறப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள்.

இப்போது நீயே கூட்டிப் பார். நடக்க இருபது, வரிசையில் அறுபது, பெட்டிக்கும் கஸ்டம்ஸுக்கும் இருபத்தைந்து, செக்யூரிட்டி முப்பது, ரயிலும் நடையும் பதினைந்து. இரண்டரை மணி நேரம். உன் கையில் இருப்பது ஒரு மணி ஐம்பது, அதிலும் கடைசிப் பதினைந்து கணக்கில் வராது. இந்த இடைவெளியில் டிக்கெட் விற்கிறார்களே என்று நீ கேட்கலாம். குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைத் தொட்டாலே கணினி விற்றுவிடும். எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்கான கணக்கு அது, அறுபது தாண்டிய இரண்டு பேருடைய முதல் பயணத்துக்கு இல்லை. மகளிடம் சொல்லி இன்றே கம்பெனிக்குப் போன் பண்ணி, டல்லாஸில் மூன்று மணி நேரமாவது இருக்கும்படி அடுத்த ஃப்ளைட்டுக்கு மாற்றச் சொல். அன்றைய கடைசி ஃப்ளைட்டாக இருக்கக் கூடாது, அது போனால் ராத்திரி அங்கேதான்.

செலவு மிச்சம் என்று டல்லாஸிலிருந்து தனி டிக்கெட் போட்டுவிட வேண்டாம் என்றும் சொல். தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அக்கறை இல்லை, வராதவர் கணக்கில் பணம் போகும். பெட்டிக்குத் தனிக் கட்டணம் வேறு. மேலும் டல்லாஸில் இரண்டு விமான நிலையங்கள். நீங்கள் இறங்குவது டி.எஃப்.டபிள்யூ. சௌத்வெஸ்ட் கம்பெனி கிளம்புவது லவ் ஃபீல்டு, அதன் எழுத்து டி.ஏ.எல். விலையை மட்டும் பார்த்து வாங்கினால் ஊரைக் குறுக்கே கடந்து போக வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ராலே ஃப்ளைட் தவறினால் அழ வேண்டியதில்லை. பெட்டியைத் திரும்பக் கொடுக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு, அங்கேயே இருக்கும் கம்பெனி கவுண்டரில் போர்டிங் பாஸை நீட்டு. அடுத்ததில் இடம் போட்டுத் தருவார்கள். விமான நிலைய வைஃபையில் வாட்ஸ்அப் வேலை செய்யும், மகளுக்கு ஒரு வரி போடு.

வீல்சேர் கேட்கலாமா என்றாய். லட்சுமியின் முட்டி வலிக்கு அவசியம் கேள், கம்பெனியிடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், காசு கிடையாது. தள்ளுகிறவர் வரிசையிலும் வழி காட்டுவார். ஆனால் ஒரு தொல்லை: சில இடங்களில் ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டு ஆள் போய்விடுவார். போர்டிங் நேரத்தைச் சொல்லி அரை மணிக்கு ஒருமுறை நினைவுபடுத்து, கூச்சப்படாதே. கழிப்பறைக்கு, சாப்பாட்டுக்கு என்றால் உரக்கக் கேள்.

ராலேயில் பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தைவிட்டு வெளியே போவதற்கு முன் பேக்கேஜ் கவுண்டரில் எழுதிக்கொடுத்து எண் வாங்கு. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். அதனால் மருந்து முழுவதும், டாக்டர் சீட்டும், ஒரு செட் மாற்றுத் துணியும் கைப்பையில் இருக்கட்டும். மாத்திரையைச் சின்ன டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு வை.

பெட்டி ஒன்றுக்குப் பெரும்பாலும் 23 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. டிக்கெட்டில் எப்படிப் போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள். வீட்டுத் தராசில் 22-ஐத் தாண்டவிடாதே. தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று என்னிடம் இருக்கிறது, தம்பி பையன் அடுத்த வாரம் கும்பகோணம் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். டிக்கெட் மாறியதும் புதிய நேரத்தை எழுது.

அன்புடன்,
கணேசன்