சாவுக் கணக்கையும் எழுதுங்கள்: மறுகுடியமர்வு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எத்தனை குடிசைகளை அகற்றினோம், எத்தனை குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தோம் என்று அறிக்கை விடுகிறீர்கள். போன இடத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று யாராவது எண்ணுகிறீர்களா?

இங்கிலாந்தில், ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் நகரத்தில் ஒருவர் எண்ணினார். 1927இல் அங்கே ஒரு சேரியை இடித்து, 152 குடும்பங்களை மவுண்ட் பிளசன்ட் என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். குளியல் தொட்டி, சமையல் அடுப்பு, உணவுப் பொருள் வைக்கக் காற்றோட்டமான அறை என்று எல்லாம் இருந்த வீடுகள். இடிக்கப்படாத ரிவர்சைடு பகுதியின் 289 குடும்பங்கள் தங்கள் பழைய சேரியிலேயே இருந்தன.

நகரச் சுகாதார அதிகாரி டாக்டர் மெகோனிகல் இரண்டு பக்கத்துச் சாவுகளையும், வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டி, ஒப்பிட்டார். வீடு மாறியவர்களிடம் முந்தைய 5 ஆண்டுகளில், ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சுமார் 23 ஆக இருந்த இறப்பு, 1928-32இல் 33ஐத் தாண்டியது. சேரியிலேயே இருந்தவர்களிடம் 26இலிருந்து 23க்குக் குறைந்தது.

சேரிக்காரனுக்குக் குளியல் தொட்டி கொடுத்தால் அதில் நிலக்கரிதான் கொட்டி வைப்பான் என்று அன்றைக்கு அந்த நாட்டில் ஒரு கேலி உண்டு. பழியை அவர்கள் தலையிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மெகோனிகல் அதைச் செய்யாமல் வீட்டுச் செலவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். வாடகை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது. நிறையப் பேருக்கு வேலை இல்லை, உதவித்தொகையில்தான் பிழைப்பு. வாடகையைத் தள்ளிப்போட முடியாது, சாப்பாட்டைக் குறைக்கலாம். அதைத்தான் குறைத்தார்கள். சேரியே நல்லது என்று அவர் சொல்லவில்லை. நல்ல வீட்டில் இருந்துகொண்டு வயிறாரச் சாப்பிடவும் காசு வேண்டும் என்றார்.

நம் ஊரில் வாடகை குறைவுதானே என்பீர்கள். சரி, பஸ் கட்டணம்? ஊருக்கு வெளியே போனதால் விட்டுப்போன வீட்டுவேலை, நடைபாதைக் கடை? அதுவும் அரிசி வாங்கும் காசுதான்.

அப்புறம், கேட்பது பெரிய காரியமல்ல. பிறப்பு இறப்புப் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு குடியிருப்புக்கும், மாறுவதற்கு முன் 5 ஆண்டு, பின் 5 ஆண்டு இறப்புகளை வயதுவாரியாக வெளியிடுங்கள். சில வீடுகளின் மாதச் செலவையும் கேட்டு எழுதுங்கள். அடுத்த இடிப்புக்கு நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே இது வெளிவர வேண்டும்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு நகரவாசி