வீடு ரோட்டுக்கு, தோணி துறைக்கு

மச்சான்,

உன்ட கடிதம் ஆனியில வந்தது, இப்ப ஆவணி பிறந்திட்டுது. திட்டாத. "நாளைக்கு" எண்டு சொல்லிச் சொல்லி நானும் நம்மட சேர் மாதிரியே ஆகிட்டன். வீட்டில எல்லாரும் சுகம். தங்கச்சிக்குக் களுவாஞ்சிகுடிப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம், உனக்குத் திராய்மடுக் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) வேலை, ரெண்டும் கட்டையன் சொல்லித்தான் சரியா விளங்கினது. உன்ட கடிதத்தில அது கடைசி ரெண்டு வரி. மட்டக்களப்பில வீடு தேடுறன் எண்டு தொடங்கி மிச்சமெல்லாம் தோணி.

இப்ப அவசரமா எழுதுறதுக்குக் காரணம் நீ போன கிழமை அனுப்பின அந்தப் படம். வலையிறவுப் பாலத்துக்கு அங்கால, ஆத்தை, அதான் நம்மட வாவியை, தொட்ட காணி, 40 பேர்ச், "வாசல்லயே தோணி கட்டலாம்". அட்வான்ஸ் குடுத்திடாத. முதல் இதை வாசி.

அந்தப் படம் மாரியில எடுத்தது. எப்படித் தெரியும் எண்டு கேப்பாய். கரையில நிக்கிற கிண்ணை மரத்தைப் பார். கிண்ணைக்கு ஆணி அடிச்சு வச்ச மாதிரி மூச்சுவேர் மண்ணுக்கு மேல நிக்கும். படத்தில ஒரு வேர் இல்ல, எல்லாம் தண்ணிக்குள்ள. பக்கத்துக் கண்டல் மரத்தின்ட தாங்குவேரும் பாதிக்கு மேல முழுகிக் கிடக்கு. தண்ணி தேத்தண்ணி நிறம். இடது மூலையில புல்லு நுனி தண்ணிக்கு மேல தெரியுது. அது ஆத்துப் புல்லு இல்ல, மேய்ச்சல் தரை. ஆக, அந்தக் காணியில ஒரு துண்டு கோடையில தரை, மாரியில ஆறு. தரகர் பொய் சொல்லயில்ல. எந்த மாசம் எண்டு சொல்லயில்ல, அவ்வளவுதான்.

வாவி 56 கிலோமீற்றர் நீளம் எண்டு நாம பெருமை பேசுவம், ஆழத்தைப் பற்றி ஒருத்தரும் பறையிறதில்ல. பல இடத்தில ஒண்டரை மீற்றர்தான். கரையோரம் அதுவும் இல்ல. உன்ட 15 அடி பைபர் தோணி சும்மா மிதக்க ஒரு முழம் தண்ணி காணும், ஆனா எஞ்சினை இறக்கினா காத்தாடி அதுக்கும் கீழ போகும். 60 சென்ரிமீற்றர் குறைஞ்சது வேணும், சேத்தைக் கிளறாம ஓட ஒரு மீற்றர். அந்த ஒரு மீற்றர் ஆவணி புரட்டாதியிலயும் கரைக்குக் கிட்ட இருக்குதா? இடம் பார்க்கிறதுக்கு இதுதான் முதல் கேள்வி. மார்கழியில எல்லா இடத்திலயும் தண்ணி இருக்கும்.

அளக்கிறது லேசு. மூண்டு மீற்றர் மூங்கில் கம்பு ஒண்டு எடு. 25 சென்ரிமீற்றருக்கு ஒரு சிவப்பு ரேப் சுத்து. கரையில இருந்து பத்து மீற்றருக்கு ஒருக்கா ஊண்டிப் பார். ரெண்டு கணக்கு எழுத வேணும்: கம்பு சேத்தின்ட மேல்பக்கத்தைத் தொடுற இடம் ஒண்டு, அமத்தினா கெட்டித் தரையில நிக்கிற இடம் மற்றது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சேறு. முழங்கால் சேறு எண்டா தள்ளி இறக்கலாம், இடுப்புச் சேறு எண்டா அந்த இடத்தை மற. ஒரு மீற்றர் தெளிஞ்ச தண்ணி வர கரையில இருந்து அம்பது மீற்றர் போக வேணும் எண்டாலும் மற. அவ்வளவு தூரம் இழுத்துத் தள்ளுறதுக்கு உன்ட நாரி காணாது, அந்த நாரியை எனக்குத் தெரியும். மாரியில வந்துதான் பார்க்க ஏலும் எண்டா, பழைய கம்பு, பாலத்துத் தூண் இதுகளில மட்டி ஒட்டின கோட்டைப் பார். கோடைத் தண்ணி அந்த மட்டத்தை அண்டித்தான் நிக்கும்.

நம்மட ஊர்ப் பேருகளும் பாதிக் கதையைச் சொல்லும், நீதான் காது குடுக்கிறதில்ல. முனை எண்டா ஆழம் கிட்ட இருக்கும், காத்தும் இருக்கும். குடா எண்டா ஒதுக்கு உண்டு, சேறும் உண்டு. வெளி எண்டா மாரியில வெள்ளம். துறை எண்டா தலைமுறை தலைமுறையா ஆக்கள் தோணி விட்ட இடம், அது பிழைக்காது. அதிலயும் பாதை, அதான் ஆறு கடத்துற மிதவை, ஓடின துறை இன்னும் நல்லம், லொறி ஏத்தின பாதைக்கு ஆழம் இல்லாம ஓட ஏலாதே. மண்முனையில 2014 இல பாலம் வந்த புறகு பாதை நிண்டிட்டுது, ஆனா துறை துறைதான்.

இனி காத்து. கச்சான் தென்மேக்கில இருந்து அடிக்கும், வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும், மத்தியானத்துக்குப் புறகு மூர்க்கம். அப்ப அலை முழுக்க எழுவான்கரை, அதான் கிழக்குக் கரைப் பக்கம்தான் வந்து மோதும். மார்கழி வாடை எதிர்ப்பக்கம், மேற்குப் பக்கப் படுவான்கரை அடி வாங்கும். நீ எழுவான்கரையில தோணி கட்டுறது எண்டா ஒரு முனைக்கு வடக்குப் பக்கம் பார்த்துக் கட்டு, கச்சானுக்கு அதுதான் ஒதுக்கு. திறந்த கரையில கட்டினா ஒரு கச்சான் போக தோணியின்ட விளிம்பு தேய்ஞ்சு நார் நாராத் தெரியும்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் முகத்துவாரம்தான். மாரியில உன்னிச்சைக் குளத்துக் கதவு திறந்து, நவகிரித் தண்ணியும் சேர்ந்து, வயல் வெள்ளமும் வந்து ஆறு ஏறிக்கொண்டே போகும். முகத்துவாரம் இருக்கிற பாலமீன்மடுவில மண்திட்டு அடைச்சுக் கிடந்தா இன்னும் ஏறும். புறகு வெட்டுவாங்க. வெட்டினதும் தண்ணி மளமளவெண்டு இறங்கும். நேத்து இறுக்கிக் கட்டின தோணி இண்டைக்குக் கயித்தில தொங்கும், இல்லாட்டி ஒரு பக்கம் சாய்ஞ்சு சேத்தில கிடக்கும், எஞ்சின்ட வாய் சேத்துக்குள்ள. வெட்டப் போறாங்க எண்டு கேள்விப்பட்ட உடனே துறைக்குப் போய்க் கயித்தை இளக்க வேணும். நீ கட்டுற முடிச்சு எனக்குத் தெரியும். கோட்டைமுனைப் பாலத்தடிக் கதையைத் திரும்ப எழுதச் சொல்லாத.

அதாலதான் நிலையான பலகைத் துறை கட்டாத எண்டு சொல்றன், மாரியில அது தண்ணிக்குக் கீழ, கோடையில ஏணி வேணும். மிதக்கிற தட்டுப் போடு. 200 லீற்றர் நீலப் பெரல் ஒண்டு, தன்ட பாரம் போக 190 கிலோ தாங்கும். மூண்டுக்கு ரெண்டு மீற்றர் தட்டுக்கு ஆறு பெரல் போட்டா 1100 கிலோ தாண்டும். சட்டம், பலகை எல்லாம் 300 கிலோ, நாலு பேர் ஏறினா இன்னொரு 280. அரைவாசிக்குக் கொஞ்சம் கூடத்தான் முழுகும், அது போதும். பெரலின்ட மூடியை சிலிக்கன் பூசி இறுக்கி, மூடிப் பக்கம் மேல வாற மாதிரிப் படுக்க வை. கரைப் பக்கம் ரெண்டு அங்குல ஜீஐ பைப் ரெண்டைக் கெட்டித் தரை மட்டும் அறைஞ்சு, தட்டில வளையம் வச்சுக் கொழுவினா தட்டு தண்ணியோட ஏறி இறங்கும். வளையத்தை இறுக்கமா வைக்காத. துரு ஏறினா பிடிச்சிடும், புறகு வெள்ளத்தில தட்டு சரிஞ்சு நிக்கும்.

மாரிக்கு இன்னொண்டு. 100 மில்லிமீற்றர் மழை நம்மட ஊரில ஒரு ராத்திரிக் கதை. உன்ட தோணிக்குள்ள அது 600 லீற்றர் தண்ணி, அரைத் தொன்னுக்கு மேல. பின்பக்கம் எஞ்சின் வேற தொங்கினா காலையில மூக்கு மட்டும்தான் தெரியும். ஐப்பசி பிறக்கிறதோட எஞ்சினைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போ. தோணியைக் கரையில ஏத்திக் கவுத்து வை, இல்லாட்டி நடுவுக்குக் கம்பு குடுத்துக் கூடாரம் மாதிரிப் படங்கு கட்டு.

கோடையில சிக்கல் வேற மாதிரி. முகத்துவாரத்தை அண்ட உப்பு கூட, அதால ஓடி வந்ததும் பாதிப் பெரல்ல நல்ல தண்ணி நிரப்பி எஞ்சினைப் பத்து நிமிசம் ஓட விடு. உள்ளுக்கு ஆத்துவாழை, அந்த மிதக்கிற களை. தண்ணி இழுக்கிற வாயை அது அடைச்சா பின்னால பீச்சுற நூல் தண்ணி நிண்டிடும். அதை அடிக்கடித் திரும்பிப் பார்க்கப் பழகு. தங்கூசி (நைலோன் நூல்) அதை விட மோசம். அறுந்த வலைத் துண்டு காத்தாடிக்குப் பின்னால சுத்தி, தண்ணி உள்ளுக்குப் போகாம அடைக்கிற ஒயில் சீல் ரப்பரை வெட்டும், வெட்டினது தெரியாது. மாசம் ஒருக்கா காத்தாடியைக் கழட்டிப் பார். கியர் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில வந்தா தண்ணி உள்ளுக்குப் போயிட்டுது எண்டு அர்த்தம்.

சரி, வீட்டுக்கு வாறன். புளியந்தீவு வேணாம். வாடகை கேட்டா நீ நீந்தித் திரும்பிப் போவாய், ஆத்தங்கரை முழுக்க ரோட்டுத்தான். அமிர்தகழி, பாலமீன்மடு உனக்குச் சொர்க்கம், கச்சேரி 2024 இல கோட்டையை விட்டுத் திராய்மடுவுக்குப் போனதால நடந்தே போகலாம். ஆனா தங்கச்சி? விடிய அஞ்சரைக்கே வெளிக்கிட வேணும். தோணிக்கும் அங்க முகத்துவார ஓட்டம், மண்திட்டு இடம் மாறும், நேத்து ஓடின வழி இண்டைக்கு இருக்காது. படத்துக் காணியைப் பற்றி இனிச் சொல்ல ஒண்டு மட்டும் இருக்கு: பெரிய வெள்ளம் எண்டா அந்த ரோட்டே தண்ணிக்குக் கீழ போகும், உன்ட தோணி அப்பதான் உண்மையா உதவும்.

என்ட முடிவு நொச்சிமுனை, நாவற்குடாப் பக்கம். தங்கச்சி கல்லடிப் பாலம் ஏறவே தேவையில்ல. ஏழரைக்குப் பள்ளிக்கூடம், ஆறேகாலுக்குக் கல்முனை பஸ்ஸில ஏறினா போதும், அந்த நேரம் காத்தான்குடி ரோடு வெறும். திரும்பி வரேக்க வெள்ளிக்கிழமை மட்டும் நெருக்கம். உனக்கு எட்டரைக்குத்தான் ஆபீஸ். பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ஏழரைக்கு முன்னம் பாலம் தாண்டிடுவாங்க, நீ ஏழே முக்காலுக்கு வெளிக்கிட்டா மோட்டச்சைக்கிள்ல இருவது நிமிசம். புதுப் பாலம் 2013 இல திறந்த புறகு பழைய நெருக்கம் இல்ல, ஆனா ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில ஏறிப் பார், விளங்கும். இது சரி வராட்டி ஆரையம்பதி. உன்ட தூரம் கூடும், தங்கச்சியின்ட குறையும், மண்முனைத் துறை கிட்ட.

ஆனா வீட்டையும் தோணியையும் ஒரே காணியில தேடாத. நீ அங்கதான் பிழை விடுறாய். ரெண்டையும் சேர்த்துத் தேடினா ரெண்டும் அரைகுறையாத்தான் கிடைக்கும். வீடு ரோட்டை அண்டின மேட்டு மணல்ல இருக்கட்டும், தோணி சைக்கிள்ல அஞ்சு நிமிசத்தில ஒரு துறையில நிக்கட்டும். துறையில எப்பவும் ஆள் நடமாட்டம் இருக்கும், களவு போகாது, வெள்ளத்துக்கு ஆராவது கயிறு இளக்குவான். அங்க இருக்கிற மீன்பிடிச் சங்கத்து ஆக்களோட முதல் கதை, அவங்க வலை இறக்கிற இடத்தையும் நேரத்தையும் கேட்டு வை. அவங்களுக்கு இது சோறு, உனக்கு விளையாட்டு.

ஆத்தை அண்டின வீட்டில இன்னும் இருக்கு. கிணத்துத் தண்ணியில இப்ப, ஆவணியில, பால் தேத்தண்ணி போட்டுப் பார், திரைஞ்சா உப்பு. உன்னிச்சைக் குழாய்த் தண்ணி வருதா எண்டு கேள். மாரியில கக்கூஸ் குழி நிரம்புமா எண்டு வீட்டுக்காரரை விட்டிட்டுப் பக்கத்து வீட்டில கேள். 2011 தை வெள்ளத்தில எந்தப் படி மட்டும் தண்ணி நிண்டது எண்டு கிராம சேவகருக்குத் தெரியும், மதில்ல கறையும் இருக்கும். வாங்கிறது எண்டா உறுதியில மேற்கு எல்லை "ஆறு" எண்டு கிடந்தா நில அளவைப் படத்தை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போ. கரையோர ஒதுக்கு எவ்வளவு உள்ளுக்கு வருது எண்டு அவங்க காட்டுவாங்க. அதுக்குள்ள வேலி போடவோ, மண் நிரப்பவோ, கண்டல் வெட்டவோ போகாத. மிதக்கிற தட்டுக்கும் முதலே கேட்டிடு. ஒரு வருசம் வாடகைக்கு இருந்து, ஒரு கச்சானும் ஒரு வாடையும் பார்த்திட்டு வாங்கு.

தோணியிலயே ஆபீஸ் போறன் எண்டு எழுதியிருந்தாய். சிரிச்சிட்டுத்தான் கணக்குப் பார்த்தன். நொச்சிமுனையில இருந்து பாலத்துக்குக் கீழால பாலமீன்மடு மட்டும் ஆறேழு கிலோமீற்றர். மெதுவா ஓடினா முக்கால் மணித்தியாலம், அந்த நேரம்தான் வலை எடுக்கிறாங்க, வேகமா ஓட்டினா ஏச்சு விழும். இறங்கின இடத்தில இருந்து கச்சேரிக்கு இன்னொரு வாகனம் வேணும். கால்சட்டை முழங்கால் மட்டும் நனையும். சனிக்கிழமை வச்சுக்கொள். பறுவத்துக்கு (பௌர்ணமிக்கு) வாவிக்குள்ள மீன் பாடுற சத்தம் கேக்கிறது எண்டா நானும் வாறன்: எஞ்சினை நிப்பாட்டி, துடுப்பைத் தண்ணிக்குள்ள இறக்கி, மேல் நுனியில காதை வைக்க வேணும். கச்சான் விழுந்த ராத்திரியா இருக்க வேணும். நீ வாயை மூடிக்கொண்டும் இருக்க வேணும், அதுதான் கஷ்டம். காலைத் தண்ணிக்குள்ள தொங்கப் போடாத, முதலை பாட்டுக் கேக்க வாறதில்ல.

இப்ப செய்ய வேண்டியது ஒண்டுதான். தரகரிட்ட, அதே இடத்தில நிண்டு, அதே கிண்ணை மரம் தெரியிற மாதிரி இண்டைக்கு எடுத்த படம் ஒண்டு கேள். வந்தா எனக்கும் அனுப்பு. வேர் எண்ணிச் சொல்றன்.

தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு. வரேக்க மூங்கில் கம்பு கொண்டு வராத, இஞ்ச இருக்கு.

உன்ட
மச்சான்